வலுவான எதிரணியைத் தேடிய ஆசிரியர்: இந்தியக் கால்பந்தின் பொற்காலத்தை உருவாக்கிய ரஹீம்

திருவனந்தபுரம்: உலகக் கோப்பை நெருங்கும்போதெல்லாம் கேரளத் தெருக்களில் அர்ஜென்டினா, பிரேசில் கொடிகள் பறக்கின்றன. அர்ஜென்டினா அணியைக் கேரள மண்ணில் ஆட வைக்க மாநில அரசே முயற்சி மேற்கொண்டது. வெளிநாட்டு அணிகள் மீது இத்தனை ஆர்வம் கொண்ட இம்மாநிலத்தில், இந்திய அணி எந்த நாடுகளுடன் மோதித் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற கேள்வியும் ஒவ்வொரு பெரிய போட்டிக்கு முன்பும் எழுகிறது. எளிய அணிகளை வென்று நம்பிக்கையை வளர்த்துக்கொள்வதா, வலிய அணிகளிடம் தோற்றுக் குறைகளை அறிந்துகொள்வதா என்பதே அக்கேள்வி.

இதே கேள்வியை 70 ஆண்டுகளுக்கு முன்பே தம் பணிக்காலம் முழுவதும் எதிர்கொண்டவர் சையது அப்துல் ரஹீம். 1951, 1962 ஆகிய இரு ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியாவுக்குத் தங்கப் பதக்கம் பெற்றுத் தந்த பயிற்சியாளர் அவர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்திய அணியை அரையிறுதி வரை அழைத்துச் சென்றவரும் அவரே. அவர் காட்டிய உயரத்தை இந்திய ஆடவர் கால்பந்து அணி இன்றுவரை மீண்டும் எட்டவில்லை.

பள்ளி ஆசிரியர்

1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் தேதி ஐதராபாத்தில் பிறந்த ரஹீம், உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். படிக்கும் காலத்தில் பல்கலைக்கழக அணிக்காக ஆடினார். பின்னர் ஐதராபாத்தின் பல பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். உடற்கல்வியிலும் பட்டயம் பெற்றார். ரஹீம் சாகேப் என்று மரியாதையோடு அழைக்கப்பட்ட அவரிடம், வகுப்பறையின் ஒழுங்கு மைதானத்திலும் தொடர்ந்தது.

1943-ஆம் ஆண்டு ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பை ஏற்ற அவர், இறுதிவரை அப்பொறுப்பில் இருந்தார். 1950-ஆம் ஆண்டு ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியாளரானார். அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 ஆண்டுகள் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1950-இல் டூரண்டு கோப்பை இறுதியாட்டத்தில் கொல்கத்தாவின் மோகன் பகானை வீழ்த்தியது. கால்பந்து என்றால் வங்காளம் என்றிருந்த நிலை மாறி, தென்னகத்தின் பக்கம் நாட்டின் பார்வை திரும்பியது.

எதிரணி இல்லாத இடத்தில் எதிர்ப்பை உருவாக்கியவர்

வெளிநாட்டு அணிகளுடன் ஆடும் வாய்ப்பு அந்நாளில் அரிது. இன்றுபோல் சர்வதேச ஆட்டங்களுக்கென ஆண்டுதோறும் நாட்கள் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. விமானப் பயணம் பெருஞ்செலவு பிடித்தது. எந்த அணியுடன் எப்போது ஆடுவது என்பது பயிற்சியாளரின் விருப்பத்தைவிட, அழைப்புகளையும் கையிருப்பையும் பொறுத்தே அமைந்தது.

அந்தக் குறையை ரஹீம் உள்ளூரிலேயே ஈடுசெய்ய முயன்றார். பந்தைக் கடத்திச் செல்லக் கூடாது, உடனே சக வீரருக்குத் தட்டிவிட வேண்டும் என்ற விதியுடன் ஐதராபாத்தில் போட்டிகளை நடத்தினார். பழக்கமில்லாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்ற விதியுடனும் ஆட்டங்கள் நடந்தன. தனித்திறமையைக் காட்டிக் கைத்தட்டல் பெறும் வழக்கம் மேலோங்கியிருந்த காலத்தில், இந்த விதிகள் வீரர்களுக்குப் பெரும் சோதனையாக இருந்தன. எதிரில் நிற்கும் அணி சாதாரணமானதாக இருந்தாலும், விதி கடினமானதாக இருந்தால் ஆட்டக்காரர் முன்னேறியே தீர வேண்டும் என்பது இந்த ஏற்பாட்டின் அடிப்படை.

விரைவான குறுகிய தட்டல், இரு கால்களாலும் ஆடும் திறன், பந்து இல்லாதபோதும் ஓடி இடம் பிடிக்கும் பழக்கம் ஆகியவை ஐதராபாத் வீரர்களின் அடையாளமாயின. செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராமை இளம் வயதிலேயே கண்டறிந்து ஊக்கப்படுத்தியவரும் ரஹீம்தான். பயிற்சிக்கு வந்துபோகச் சைக்கிள் செலவுக்குக்கூட வழியில்லாமல் இருந்த அந்த இளைஞருக்கு அவர் உதவினார். பின்னாளில் இந்தியாவின் தலைசிறந்த முன்கள வீரர்களில் ஒருவராகப் பலராம் விளங்கினார்.

தங்கமும் பேரிடியும்

1951 மார்ச்சில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் புதுதில்லியில் நடைபெற்றன. ரஹீமின் பயிற்சியில், சைலேன் மன்னா தலைமையில் களமிறங்கிய இந்தியா, இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானையும் தலா 3-0 என்ற கணக்கில் வென்றது. இறுதியாட்டத்தில் மேவாலால் அடித்த ஒரே கோலால் ஈரானை வீழ்த்தித் தங்கம் வென்றது. விடுதலை பெற்று நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த நாட்டுக்கு அது பெருமிதம் தந்த வெற்றி.

அடுத்த ஆண்டு மார்ச்சில் கொழும்பில் நாற்கரப் போட்டி தொடங்கியது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, பர்மா ஆகிய நான்கு நாடுகள் அதில் மோதின. இந்தியாவும் பாகிஸ்தானும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. சில மாதங்களில் ஹெல்சிங்கி ஒலிம்பிக் வந்தது. ஆசியாவில் வெற்றி கண்ட கையோடு, அண்டை நாடுகளுடன் ஆடிய அனுபவத்தோடு இந்திய அணி பின்லாந்துக்குச் சென்றது.

1952 ஜூலை 15-ஆம் தேதி யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 என்ற கணக்கில் தோற்றது. இந்தியாவின் ஒரே கோலை அகமது கான் அடித்தார். இந்திய வீரர்களில் பலர் வெறுங்காலுடன் ஆடினர். குளிர்ந்த தட்பவெப்பமும் ஈரத் தரையும் அவர்களுக்குப் பழக்கமற்றவை. யூகோஸ்லாவியாவோ 1948 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணி; ஹெல்சிங்கியிலும் இறுதியாட்டம் வரை சென்று வெள்ளி வென்றது.

தோல்வியின் அளவு நாட்டை அதிர வைத்தது. அதன் பின்னர் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் காலணி அணிவதைக் கட்டாயமாக்கியது. காலணியை விடப் பெரிய குறை ஒன்றும் அந்த ஆட்டத்தில் வெளிப்பட்டது. தம்மைப் போலவே ஆடும் அண்டை நாட்டு அணிகளுடன் மட்டும் மோதிவந்த வீரர்களுக்கு, ஐரோப்பியர்களின் வேகமும் உடல்பலமும் களத்தில் இறங்கிய பின்னரே தெரியவந்தன. முன்கூட்டியே அறிய வேண்டியதை ஒலிம்பிக் அரங்கில் அறிந்துகொள்ள நேர்ந்ததற்கான விலையே அந்தப் பத்துக் கோல்கள்.

ஹங்கேரி கற்பித்த பாடம்

அதே ஹெல்சிங்கியில் தங்கம் வென்றது ஹங்கேரி. புஷ்காஷ், ஹிடெக்குட்டி போன்றோர் ஆடிய அந்த அணி, அடுத்த ஆண்டு வெம்பிளியில் இங்கிலாந்தை 6-3 என வீழ்த்தி உலகை வியப்பில் ஆழ்த்தியது. நடு முன்கள வீரர் பின்வாங்கி நின்று தாக்குதலை வடிவமைக்கும் ஹங்கேரியின் முறையை ரஹீம் ஊன்றிக் கவனித்தார். படிப்படியாக அந்த உத்தியை இந்திய ஆட்டத்திலும் புகுத்தினார். 1958 உலகக் கோப்பையில் பிரேசில் கையாண்டு புகழ்பெற்ற 4-2-4 அமைப்பை நோக்கி இந்திய அணி அதற்கு முன்பே நகரத் தொடங்கியிருந்தது.

நாற்கரப் போட்டி 1955 வரை ஆண்டுதோறும் நடந்தது. இந்தியாவே அதில் ஆதிக்கம் செலுத்தியது. அந்த வெற்றிகளோடு நின்றுவிடாமல், வலிய அணிகளைச் சந்திக்கும் வாய்ப்பும் 1955-இல் கிடைத்தது. சோவியத் ஒன்றியத்தின் அணி அவ்வாண்டு இந்தியாவில் சுற்றுப்பயணம் மேற்கொண்டது. ஆட்டங்களில் சோவியத் அணியே வென்றது. செப்டம்பரில் மாஸ்கோவில் நடந்த ஆட்டத்தில் இந்தியா 1-11 எனத் தோற்றது. அடுத்த ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றதும் அதே சோவியத் அணிதான். ஹெல்சிங்கித் தோல்விக்கும் மாஸ்கோ தோல்விக்கும் கோல் கணக்கில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பின்னது பதக்கப் போட்டியில் நேர்ந்ததன்று. திருத்திக்கொள்ள ஓராண்டுக்கு மேல் அவகாசம் இருந்தது.

திருவனந்தபுரத்தில் வென்ற ஐதராபாத்

மாநில அணிகளுக்கான சந்தோஷ் கோப்பைப் போட்டி 1956-57 பருவத்தில் திருவனந்தபுரத்தில் நடைபெற்றது. ரஹீமின் ஐதராபாத் அணியும் பம்பாய் அணியும் இறுதியாட்டத்தில் மோதின. முதல் ஆட்டம் 1-1 எனச் சமனில் முடிய, மறு ஆட்டத்தில் ஐதராபாத் 4-1 என வென்று முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது. அடுத்த பருவத்திலும் அதே பம்பாயை வீழ்த்திக் கோப்பையைத் தக்கவைத்தது.

வெளிநாட்டு ஆட்டங்கள் குறைவாக இருந்த அக்காலத்தில், இந்திய வீரர்களுக்குக் கிடைத்த மிகக் கடினமான போட்டிகள் சந்தோஷ் கோப்பை, ரோவர்ஸ், டூரண்டு ஆகியவையே. வங்காளம், பம்பாய், மைசூர், படைப்பிரிவு அணிகள் எனப் பலவகை ஆட்டமுறைகள் அவற்றில் மோதின. நீலகிரி மாவட்டம் வெலிங்டனைச் சேர்ந்த மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணி 1955, 1958 ஆண்டுகளில் டூரண்டு கோப்பையை வென்றது. அந்த அணியின் கோல் காவலரான பீட்டர் தங்கராஜ் இந்திய அணியின் அரணாக விளங்கினார்.

கேரள மண்ணும் இந்த அணிகளுக்கு வீரர்களைத் தந்தது. 1948 லண்டன் ஒலிம்பிக் அணியில் திருவல்லா பாப்பன் என்ற தாமஸ் மத்தாய் வர்கீஸ் இடம்பெற்றார். ரஹீமின் மெல்போர்ன் அணியில் கோழிக்கோடு ரஹ்மானும், கோல் காவலர் எஸ்.எஸ். நாராயணனும் இருந்தனர். இரிஞ்ஞாலக்குடையின் ஓ. சந்திரசேகரன் பின்னர் ரோம், ஜகார்த்தா அணிகளின் பின்களத்தைத் தாங்கினார்.

மெல்போர்ன்: நான்காம் இடம்

1956 ஒலிம்பிக்கில் முதல் சுற்றில் இந்தியா எதிர்கொள்ள வேண்டிய அணி ஹங்கேரி. அந்நாட்டில் வெடித்த கிளர்ச்சியை அடுத்து ஹங்கேரிக் கால்பந்து அணி பங்கேற்காததால், இந்தியா நேரடியாகக் காலிறுதிக்கு முன்னேறியது. டிசம்பர் 1-ஆம் தேதி ஆஸ்திரேலியாவை 4-2 என வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய அணி என்ற பெருமை இந்தியாவுக்குக் கிடைத்தது.

அரையிறுதியில் எதிரே நின்றது யூகோஸ்லாவியா. நான்காண்டுகளுக்கு முன் பத்துக் கோல்கள் அடித்த அதே நாட்டுக்கு எதிராக, இம்முறை இந்தியா முதலில் கோல் அடித்து முன்னிலை பெற்றது. இறுதியில் 1-4 எனத் தோற்றாலும், இரு அணிகளுக்கும் இடையிலான தொலைவு எவ்வளவு குறைந்திருந்தது என்பதை அந்த ஆட்டம் காட்டியது. வெண்கலப் பதக்க ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3 எனத் தோற்று இந்தியா நான்காம் இடம் பெற்றது.

1960 ரோம் ஒலிம்பிக்கிலும் ரஹீமே பயிற்சியாளர். தகுதிச் சுற்றில் இந்தோனேசியாவை கொல்கத்தாவிலும் ஜகார்த்தாவிலும் வென்று இந்தியா ரோமுக்குச் சென்றது. ஹங்கேரியிடம் 1-2 என்ற கணக்கில் போராடித் தோற்றது. பலராம் கோல் அடித்தார். பி.கே. பானர்ஜியின் கோலால் பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தது. பெருவிடம் 1-3 எனத் தோற்று வெளியேறியது. பெருவுக்கு எதிராக சைமன் சுந்தரராஜ் அடித்ததே ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த கடைசி கோல். அதன் பின் ஒலிம்பிக் கால்பந்துக்கு இந்தியா தகுதி பெறவே இல்லை.

ஜகார்த்தா: தோல்வியில் தொடங்கிய தங்கம்

1962 ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்குச் சென்றபோது ரஹீம் நோயுற்றிருந்தார். அவரைப் பின்னர் பலிகொண்ட நுரையீரல் புற்றுநோய் உடலை அரிக்கத் தொடங்கியிருந்தது. ஆகஸ்டு 26-ஆம் தேதி முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் இந்தியா 0-2 எனத் தோற்றது. அடுத்து தாய்லாந்தை 4-1 எனவும், ஜப்பானை 2-0 எனவும் வென்று அரையிறுதிக்கு வந்தது.

தாய்லாந்து ஆட்டத்தில் பின்கள வீரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போடப்பட்டது. அவரைப் பின்களத்தில் ஆடவைப்பது ஆபத்து. வெளியே அமரவைத்தால் அணியின் வலிமை குறையும். ரஹீம் அவரை நடு முன்கள வீரராக இறக்கினார். அரையிறுதியில் தெற்கு வியட்நாமை இந்தியா 3-2 என வென்றது. ஜர்னைல் ஒரு கோல் அடித்தார்.

இறுதியாட்டத்தில் மீண்டும் தென் கொரியா. இஸ்ரேல், தைவான் ஆகியவற்றுக்கு இந்தோனேசியா இடமளிக்காததை இந்தியாவைச் சேர்ந்த விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி கண்டித்ததால், ஜகார்த்தாவில் இந்தியர்களுக்கு எதிரான கொந்தளிப்பு நிலவியது. செனாயன் விளையாட்டரங்கில் திரண்டிருந்த சுமார் ஒரு லட்சம் பேரின் எதிர்ப்பு முழக்கத்துக்கு நடுவே செப்டம்பர் 4-ஆம் தேதி ஆட்டம் நடந்தது. காய்ச்சலால் அரையிறுதியில் ஆடாத பீட்டர் தங்கராஜை ரஹீம் மீண்டும் கோல் காவலராக நிறுத்தினார். பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் ஆட்டத்தின் முதல் 20 நிமிடங்களுக்குள் தலா ஒரு கோல் அடித்தனர். கடைசி நேரத்தில் கொரியா ஒரு கோல் திருப்பியது. 2-1 என வென்று, சுனி கோஸ்வாமி தலைமையிலான இந்தியா தங்கம் பெற்றது.

ஒன்பது நாட்களுக்கு முன் தன்னை வீழ்த்திய அணியை இந்தியா வென்றது. முதல் ஆட்டத் தோல்வியை ரஹீமின் அணி அந்த ஒன்பது நாட்களில் படிப்பினையாக மாற்றிக்கொண்டது. பயிற்சி ஆட்டத்தில் கிடைத்திருக்க வேண்டிய அனுபவம் போட்டிக்குள்ளேயே கிடைத்தது. அதைப் பயன்படுத்தும் கூர்மை பயிற்சியாளரிடம் இருந்தது.

1963-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் தேதி, 53-ஆம் வயதில் ரஹீம் காலமானார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் கால்பந்தில் அதன் பின்னர் இந்தியா தங்கம் வென்றதில்லை.

கேரளத்தில் தொடர்ந்த வழி

ரஹீமின் பயிற்சியில் ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய சைமன் சுந்தரராஜ், பின்னர் கேரள அணியின் பயிற்சியாளரானார். 1973-இல் எர்ணாகுளத்தில் நடந்த சந்தோஷ் கோப்பை இறுதியாட்டத்தில், கேப்டன் மணியின் மூன்று கோல்களால் ரயில்வே அணியை 3-2 என வென்று கேரளம் முதன்முறையாகக் கோப்பையை முத்தமிட்டது. ரஹீமின் மகன் சையது ஷாகித் ஹக்கீம் ரோம் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றவர். பின்னாளில் சர்வதேச நடுவராகவும் பயிற்சியாளராகவும் விளங்கி 2021-இல் மறைந்தார். ரஹீமின் வாழ்க்கையைத் தழுவிய மைதான் என்ற இந்தித் திரைப்படம் 2024-இல் வெளியானது.

வலிய எதிரணிகளை நாட்டுக்குள் வரவழைக்கும் முயற்சியாக 1982-இல் நேரு கோப்பை தொடங்கியது. 1986, 1991 ஆண்டுகளில் திருவனந்தபுரம் அதனை நடத்தியது. முதலாவதில் சோவியத் ஒன்றியமும் அடுத்ததில் ருமேனியாவும் கோப்பையை வென்றன. தோல்வி உறுதி எனத் தெரிந்தும் ரசிகர்கள் திரண்டனர். இந்திய வீரர்களுக்கோ அது சொந்த மண்ணில் கிடைத்த உயர்கல்வியாக அமைந்தது. 2016 ஜனவரியில் இதே நகரின் காரியவட்டம் கிரீன்ஃபீல்டு அரங்கில் ஆப்கானிஸ்தானை 2-1 என வென்று தெற்காசியக் கோப்பையை இந்தியா கைப்பற்றியது.

இன்றைய கணக்கு

எதிரணியைத் தேர்ந்தெடுப்பதில் இன்று தரவரிசைக் கணக்கும் சேர்ந்துகொண்டது. 2018 முதல் நடைமுறையில் உள்ள ஃபிஃபா முறையில், ஒதுக்கப்பட்ட சர்வதேச நாட்களில் நடக்கும் நட்புறவு ஆட்டத்தின் மதிப்பு 10. அந்நாட்களுக்கு வெளியே நடந்தால் 5. தகுதிச்சுற்று ஆட்டத்தின் மதிப்பு 25. தரவரிசையில் தாழ்ந்த அணியிடம் தோற்றால் அதிகப் புள்ளிகள் பறிபோகும். உயர்ந்த அணியிடம் தோற்றால் இழப்பு குறைவு. ஆகவே வலிய அணியுடன் ஆடுவது கணக்கின்படியும் நட்டமில்லாதது.

2019 ஆசியக் கோப்பைக்கு முன் இந்தியா சீனாவுடன் 0-0, ஜோர்டானுடன் 1-2, ஓமனுடன் 0-0 என மூன்று வெளிநாட்டு ஆட்டங்களில் தன்னைச் சோதித்துக்கொண்டது. அந்தப் போட்டியின் முதல் ஆட்டத்தில் தாய்லாந்தை 4-1 என வென்றது. 2024 ஆசியக் கோப்பைக்கு முன் தோகாவில் சுமார் இரண்டு வாரப் பயிற்சி முகாம் மட்டுமே நடந்தது. அப்போட்டியில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா ஆகிய மூன்று அணிகளிடமும் இந்தியா ஒரு கோல்கூட அடிக்காமல் தோற்றது. இரு போட்டிகளிலும் இந்தியா முதல் சுற்றைத் தாண்டவில்லை. எதிரணிகளின் தரமும் வேறு. எனினும், முதல் ஆட்டத்தில் களமிறங்கும்போது அணி எந்த நிலையில் இருந்தது என்பதில் வேறுபாடு தெரிந்தது.

ரஹீமின் காலத்தில் வெளிநாட்டு ஆட்டம் கிடைப்பதே பெரும்பாடு. அதனால் அவர் உள்ளூர்ப் போட்டிகளின் விதிகளைக் கடினமாக்கினார். பிற நாட்டவரின் ஆட்டத்தைக் கவனித்துக் கற்றார். தோற்ற ஆட்டத்திலிருந்து அடுத்த ஆட்டத்தைத் திட்டமிட்டார். இன்று விமானமும் நாட்காட்டியும் தடையில்லை. ஹெல்சிங்கியின் பத்துக் கோல்களுக்குப் பின் நான்கே ஆண்டுகளில் அதே யூகோஸ்லாவியாவுக்கு எதிராக முன்னிலை பெற்ற அணியின் வரலாறு, எதிரணிப் பட்டியலைத் தயாரிப்போர் முன் இன்றும் இருக்கிறது.